மேக்கின் சிஸ்டம் செட்டிங்ஸ்: வடிவத்தில் குறையில்லை, அடுக்கியதில்தான்

ஆப்பிளின் மேக் கணினிகளுக்கான இயங்குதளமாக 2001 மார்ச்சில் மேக் ஓஎஸ் டென் வெளிவந்த நாளிலிருந்து இருபத்தோரு ஆண்டுகள் மேக் பயனர்களின் கண்ணுக்குப் பழகிப்போயிருந்த, கணினியின் அமைப்புகளை மாற்ற உதவும் சிஸ்டம் பிரிஃபரன்சஸ் பலகை, 2022 அக்டோபர் 24 அன்று வெளியான வென்ச்சுரா பதிப்போடு விடைபெற்றது. வரிசை வரிசையாக ஐகான்கள் நிறைந்திருந்த அந்தப் பலகையின் இடத்தில், இடப்பக்கம் கீழ்நோக்கி நீளும் ஒரு பட்டியலும் வலப்பக்கம் அதன் உள்ளடக்கமுமாக, ஐபேடில் இருப்பதை அப்படியே எடுத்து வைத்தது போன்ற சிஸ்டம் செட்டிங்ஸ் வந்து அமர்ந்தது. அதன் பிறகு சொனோமா, செக்கோயா, டாஹோ என்று மூன்று பதிப்புகள் வந்துவிட்டன. வடிவம் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. அதைப் பற்றிய முணுமுணுப்பும் ஓய்ந்தபாடில்லை.

அந்த முணுமுணுப்பின் சாரம் ஒரே வரியில் அடங்கிவிடும்: கைபேசிக்குச் செய்ததைக் கணினியில் கொண்டுவந்து ஒட்டிவிட்டார்கள். நீண்ட காலமாக மேக்கில் வேலை செய்பவர்கள் இதைக் கோபத்தோடு சொல்கிறார்கள். அலுவலகங்களில் பல கணினிகளைப் பராமரிப்பவர்கள் சலிப்போடு சொல்கிறார்கள். முதலில் ஐபோன் வாங்கி, அதன் பழக்கத்தில் பின்னர் மேக்புக் வாங்கியவர்களோ இதில் என்ன பிரச்சினை என்று கேட்கிறார்கள். மூன்று தரப்பையும் கேட்டுவிட்டு, இந்தப் பலகையை அன்றாடம் பயன்படுத்தியும் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது, அந்தக் குற்றச்சாட்டு பாதிதான் சரி என்பது. இங்குள்ள மோசமான குறைகளில் சில, கைபேசியில் இல்லவே இல்லாதவை. கைபேசியிலிருந்து வந்த பக்கப்பட்டியலோ, உண்மையில் பழைய பலகையின் ஒரு பெரிய தொல்லையைத் தீர்த்திருக்கிறது.

பழையதை நினைத்து ஏங்குபவர்கள் அந்தத் தொல்லையை மறந்துவிடுகிறார்கள். சிஸ்டம் பிரிஃபரன்சஸில் ஒரு பிரிவைத் திறந்தால் ஐகான் பலகை முழுவதும் மறைந்து, அந்தப் பிரிவு மட்டுமே சாளரத்தை நிரப்பும். ஒலி அமைப்பைப் பார்த்துவிட்டுத் திரை அமைப்புக்குப் போக வேண்டுமானால், முதலில் எல்லாவற்றையும் காட்டும் பொத்தானை அழுத்திப் பலகைக்குத் திரும்பி, பின்னர் அடுத்த ஐகானைத் தேட வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் சாளரத்தின் உயரம் வேறு என்பதால், திறக்கும்தோறும் அது நீண்டும் குறுகியும் துள்ளும். ஐகான்களின் வரிசையும் பகுத்தறிந்து அமைக்கப்பட்டதாகச் சொல்ல முடியாது. பதிப்புக்குப் பதிப்பு புதியவை வந்து ஒண்டிக்கொள்ள, எது எங்கே என்பது நம் கை கண்ட பழக்கமாக இருந்ததே தவிர, காரண காரியத்தோடு இருக்கவில்லை. புதிய வடிவத்தில் பட்டியல் எப்போதும் இடப்பக்கம் நிற்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரே சொடுக்கில் தாவலாம். முன்பு பல பிரிவுகளில் சாளரத்தின் கீழ்மூலையில் ஒரு பூட்டுப் படம் இருக்கும். அதைத் திறந்து கடவுச்சொல் கொடுத்தால்தான் மங்கிக் கிடக்கும் பொத்தான்கள் உயிர்பெறும். வென்ச்சுரா அந்தப் பூட்டை எடுத்துவிட்டு, தேவைப்படும் மாற்றத்தின்போது மட்டும் கடவுச்சொல்லையோ விரல்ரேகையையோ கேட்கிறது. புதிதாக மேக் வாங்கியவர்களுக்கு, பொத்தான் ஏன் மங்கியிருக்கிறது என்று விளக்கிச் சொல்ல வேண்டிய வேலை இதனால் மிச்சமாகிறது.

ஆகவே வடிவத்தின் மீது எனக்கு வழக்கில்லை. வழக்கெல்லாம் அந்த வடிவத்துக்குள் எதை எங்கே வைத்தார்கள் என்பதில்தான்.

வென்ச்சுராவில் பட்டியலின் தலையில் நம் ஆப்பிள் கணக்கு. அடுத்து வைஃபை, புளூடூத், நெட்வொர்க். பிறகு அறிவிப்புகள், ஒலி, ஃபோகஸ், ஸ்கிரீன் டைம். அதன்பின் ஜெனரல், தோற்றம், அணுகல்தன்மை என்று போய், ஏறத்தாழ முப்பது வரிகளைக் கடந்து, அடிவாரத்தில் விசைப்பலகை, ட்ராக்பேட், பிரிண்டர். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்த வரிசை எங்கிருந்து வந்தது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கைபேசியில் வைஃபையும் புளூடூத்தும் மேலே இருப்பதற்கு நியாயம் உண்டு. அங்கே அவற்றுக்காக அமைப்புகளைத் திறப்பவர்கள் அதிகம். மேக்கிலோ இவை இரண்டும் திரையின் உச்சியிலுள்ள மெனு பட்டையிலிருந்து திறக்கும் கன்ட்ரோல் சென்டரில் ஏற்கெனவே இருக்கின்றன. யாரும் தேடி வராத இரண்டு பொருள்கள் முதல் தட்டில் உட்கார்ந்திருக்க, ஒரு கணினியைக் கணினியாக ஆக்குகிற விசைப்பலகையும் ட்ராக்பேடும் பிரிண்டரும் கடைசித் தட்டுக்குத் தள்ளப்பட்டிருக்கின்றன. பழைய பலகையில் எல்லா ஐகான்களும் ஒரே பார்வையில் தெரிந்தன. இங்கே சாளரத்தை உயரமாக இழுத்து வைத்துக்கொள்ளாவிட்டால், உருட்டிக் கீழே போனால்தான் விசைப்பலகை கண்ணில் படும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இது ஒவ்வொரு புதிய கணினியிலும் முதல் நாளே எதிர்ப்படும். மேக்கிலேயே உள்ள தமிழ் 99 அல்லது அஞ்சல் விசைப்பலகையைச் சேர்க்க, முன்பு விசைப்பலகைப் பிரிவைத் திறந்து, உள்ளீட்டுக்கான தாவலைச் சொடுக்கி, கூட்டல் குறியை அழுத்தினால் போதும். மொழிகளின் பட்டியல் வந்துவிடும். இப்போது பக்கப்பட்டியலின் அடிவரை உருட்டி, விசைப்பலகைப் பக்கத்தில் உரை உள்ளீடு என்ற பகுதியைக் கண்டுபிடித்து, அதிலுள்ள திருத்துவதற்கான பொத்தானை அழுத்தினால் ஒரு பெட்டி விரிகிறது. அந்தப் பெட்டியின் கீழ்மூலையில்தான் கூட்டல் குறி இருக்கிறது. அதை அழுத்தினால் அந்தப் பெட்டியின் மேலேயே இன்னொரு பெட்டி விரிந்து மொழிகளைக் காட்டுகிறது. மொழிகளுக்கு இடையே மாறுவதற்கான குறுக்குவிசையை மாற்ற வேண்டுமென்றால், அதற்கு வேறொரு பொத்தான், அதற்குள் தனக்கென்று ஒரு பக்கப்பட்டியலை வைத்திருக்கும் வேறொரு பெட்டி. கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோலாக மாற்றிக்கொள்ளும் நிரலாளர்களும் அந்தப் பெட்டிக்குள்தான் இறங்க வேண்டும். உலக உருண்டை பொறித்த விசையை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்ற தேர்வை மட்டும் முதல் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். இரண்டு மொழிகளில் மாறி மாறி எழுதுபவர்களுக்கு அதுவே பாதி வேலையை முடித்துவிடும்.

பெட்டிக்குள் பெட்டியாக இப்படி அடுக்க வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், சாளரத்தின் அகலத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. வென்ச்சுராவின் சிஸ்டம் செட்டிங்ஸை மேலும் கீழுமாக இழுக்கலாம். பக்கவாட்டில் இழுக்க முடியாது. இருபத்தேழு அங்குலத் திரையை மேசையில் வைத்திருப்பவருக்கும் அதே ஒடுங்கிய சாளரம்தான். இதன் விளைவை அறிவிப்புகள் பக்கத்தில் காணலாம். முன்பு இடப்பக்கம் செயலிகளின் பட்டியல் இருக்கும், வலப்பக்கம் தேர்ந்த செயலிக்கான விருப்பங்கள் இருக்கும். பட்டியலில் ஒவ்வொன்றாகச் சொடுக்கிக்கொண்டே போய், எது ஒலி எழுப்பலாம், எது வாயை மூட வேண்டும் என்று சில நிமிடங்களில் முடித்துவிடலாம். இப்போது இடப்பக்கத்தைப் பொதுப் பட்டியல் பிடித்துக்கொண்டுவிட்டது. மூன்றாவது நெடுவரிசைக்கு அகலம் இல்லை. எனவே செயலியின் பெயரைச் சொடுக்கினால் அதன் பக்கம் திறக்கிறது, மாற்றிவிட்டுப் பின்செல்லும் அம்புக்குறியை அழுத்திப் பட்டியலுக்குத் திரும்ப வேண்டும், அடுத்த செயலிக்கு மீண்டும் உள்ளே போக வேண்டும். நாற்பது செயலிகள் உள்ள கணினியில் இது நாற்பது முறை உள்ளே போய் வெளியே வரும் வேலை. தனியுரிமைப் பக்கத்திலும் இதே கதை: கேமராவுக்கு எந்தெந்தச் செயலிகளுக்கு அனுமதி என்று பார்த்துவிட்டு, மைக்ரோஃபோனுக்குப் போக, திரும்பி வந்துதான் போக வேண்டும். கைபேசியின் குறுகிய திரையில் இப்படித்தான் செய்ய முடியும் என்பதால் அங்கே யாரும் இதைக் குறையாகச் சொல்வதில்லை. இடம் தாராளமாக இருக்கும்போதும் அதே நெருக்கடியைத் தானாக வரவழைத்துக்கொள்வதுதான் பொறுக்கவில்லை. ‘கைபேசியைப் பார்த்துச் செய்தது’ என்ற கோபம் முழுவதும் நியாயமாகும் இடம் இதுதான் என்பேன்.

இது தவிர்க்க முடியாத ஒன்றும் அல்ல. லினக்ஸில் பயன்படும் க்னோம் என்ற பணித்திரைச் சூழல் தன் அமைப்புகளை 2017இல் வந்த 3.26 பதிப்பிலேயே பக்கப்பட்டியல் வடிவத்துக்கு மாற்றிவிட்டது. அங்கே சாளரத்தை விரும்பிய அகலத்துக்கு இழுத்துக்கொள்ளலாம். பின்வந்த பதிப்புகளில், மிகவும் குறுக்கினால் அதுவாகவே ஒற்றை நெடுவரிசையாக மடங்கிக்கொள்ளவும் கற்றுக்கொண்டது.

இனி, கைபேசியின் மீது பழி போட முடியாத குறைகள். இயல்புநிலை இணைய உலாவி எது என்பதைத் தேர்வு செய்யும் இடம் எது என்று ஒரு மேக் பயனரைக் கேளுங்கள். முன்பு அது ஜெனரல் பிரிவில் இருந்தது. வென்ச்சுராவில் அது டெஸ்க்டாப்பும், செயலிகளின் ஐகான்கள் வரிசையாக நிற்கும் பட்டையான டாக்கும் சேர்ந்த பக்கத்தில் இருக்கிறது. டாக்கின் அளவு, அது திரையின் எந்த ஓரத்தில் நிற்க வேண்டும் என்பவற்றுக்குக் கீழே. டாக்குக்கும் உலாவிக்கும் என்ன உறவு என்று யோசித்து யோசித்துப் பார்த்தும் எனக்கு விடை கிடைக்கவில்லை. ஆவணங்களைத் தாவல்களாகத் திறப்பதா, செயலியை மூடும்போது சாளரங்களையும் மூடுவதா என்பனவும் அதே பக்கத்தில்தான். திரையின் மூலைகளுக்கு வேலை ஒதுக்கும் ஹாட் கார்னர்ஸ், அந்த நீண்ட பக்கத்தின் அடியில் ஒரு சின்னப் பொத்தானாகச் சுருங்கிக் கிடக்கிறது. பந்தி முடிந்த வீட்டில் கைக்கு வந்த பாத்திரத்தைக் கண்ட அலமாரியில் திணித்து வைப்பது போல, இடம் கிடைக்காதவற்றையெல்லாம் இந்தப் பக்கத்தில் கொட்டியிருக்கிறார்கள்.

இதைவிட அதிகம் பேரை அலையவிட்டது, திரை எத்தனை நிமிடங்களில் அணைய வேண்டும் என்ற தேர்வு. முன்பு அது பேட்டரி பிரிவில் இருந்தது. மின் சிக்கனத்தோடு தொடர்புடையது என்பதால் அங்கே தேடுவதுதான் எவருக்கும் இயல்பு. வென்ச்சுரா அதைத் திரைப்பூட்டுப் பக்கத்துக்கு மாற்றியது. பூட்டுவதும் அணைப்பதும் அடுத்தடுத்து நடப்பவை என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். கடவுச்சொல் எப்போது கேட்கப்பட வேண்டும் என்ற கேள்வியும் அதே பக்கத்தில் இருப்பது உண்மையில் வசதிதான். ஆனால் பேட்டரி பக்கத்தில் அதை நோக்கிக் கைகாட்டும் ஒரு வரியாவது இருந்திருக்க வேண்டும். ஐபோனில் இந்தத் தேர்வு திரையின் ஒளிர்வு பற்றிய பக்கத்தில் இருக்கிறது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். கைபேசியைக் காப்பியடித்திருந்தால்கூட அதைக் கண்டுபிடித்திருக்கலாம்.

இடம் மாறியவற்றையாவது தேடிக் கண்டுபிடித்துவிடலாம். குறித்த நேரத்தில் கணினி தானாக இயங்கத் தொடங்கவும், குறித்த நேரத்தில் அணையவும் அட்டவணை போடும் வசதி, வென்ச்சுராவின் பலகையிலிருந்து அடியோடு நீக்கப்பட்டுவிட்டது. நூலகம், பள்ளிக் கணினி அறை, ஒளிப்பதிவுக் கூடம் போன்ற இடங்களில் இதை நம்பியிருந்தவர்கள் உண்டு. இயங்குதளத்தின் உள்ளே அந்த வசதி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் கட்டளைகளை எழுத்தாகத் தட்டும் டெர்மினலைத் திறந்து பிஎம்செட் என்ற கட்டளையை நாள், நேரக் குறிகளோடு பிழையின்றி எழுத வேண்டும். ஆப்பிளின் உதவிப் பக்கமே அந்த வழியைத்தான் காட்டுகிறது. 1984இல் வந்த முதல் மேக்கின் கன்ட்ரோல் பேனல், எழுத்துகளே ஏறத்தாழ இல்லாமல் படங்களாலேயே எல்லாவற்றையும் விளங்கவைக்க முயன்றது. அந்தப் பரம்பரையில் வந்த நிறுவனம், பலகையில் இருந்த ஒன்றை எடுத்துவிட்டுக் கட்டளை எழுதச் சொல்வதை எந்த வடிவமைப்புக் கொள்கையாலும் நியாயப்படுத்த முடியாது.

காட்சி நுணுக்கங்களைப் பற்றியும் கொஞ்சம். பழைய பலகையில் ஒரு தேர்வுப்பட்டியல் தேர்வுப்பட்டியலாகவே தெரியும். பொத்தானைச் சுற்றி எல்லை இருக்கும். புதியதில் பல தேர்வுகள் வலப்பக்க ஓரத்தில் வெறும் எழுத்தாகவும் பக்கத்தில் மேலும் கீழும் நோக்கிய சிறிய குறியாகவும் நிற்கின்றன. சுட்டியை அருகில் கொண்டுபோனால்தான் அவற்றுக்கு ஓர் எல்லைக்கோடு முளைக்கிறது. விருப்பத்தின் பெயர் இடப்பக்கம், அதற்கான சிறு சுவிட்ச் வலப்பக்கக் கோடியில், நடுவே வெற்றிடம். எந்தப் பெயருக்கு எந்த சுவிட்ச் என்று கண் கோடு இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. டிக் அடிக்கும் சதுரம் பெயரை ஒட்டியே இருந்த காலத்தில் இந்தச் சங்கடம் இல்லை. விரலால் தொடுவதற்குப் பெரிய இலக்கு வேண்டும் என்பதால் கைபேசியில் சுவிட்ச் வந்தது. மேக்கில் சுட்டிக்கு ஏற்றவாறு அதைச் சிறிதாக்கியிருக்கிறார்கள் என்பதால், அந்தக் காரணமும் இங்கே மிச்சமில்லை. ஸ்விஃப்ட்யூஐ என்ற ஆப்பிளின் புதிய கட்டுமானக் கருவியைக் கொண்டு எழுதப்பட்ட இந்தச் செயலி, தொடக்கப் பதிப்புகளில் பக்கத்துக்குப் பக்கம் மாறும்போது தயங்கித் தயங்கி நின்றதையும் பலர் சுட்டிக்காட்டினார்கள். அது இப்போது பெரிதும் சரியாகிவிட்டது.

எதைக் கேட்டாலும், மேலே தேடல் பெட்டி இருக்கிறதே என்று பதில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கிறதுதான், உண்மையில் நானும் பெரும்பாலும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் தேடுவதற்குத் தேடும் பொருளின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். 2005இல் டைகர் பதிப்பு கொண்டுவந்த பழைய தேடல், ஓரிரு எழுத்துகளைத் தட்டும்போதே பலகையை இருட்டாக்கி, பொருந்தும் ஐகான்களின் மீது மட்டும் ஒளிவட்டம் பாய்ச்சும். விடையோடு சேர்ந்து, விடை எங்கே குடியிருக்கிறது என்பதும் மனத்தில் பதியும். அடுத்த முறை தேடாமலேயே போய்விடலாம். புதிய தேடல் பக்கப்பட்டியலின் இடத்தில் விடைகளின் பட்டியலைக் காட்டுகிறது. ஒன்றைச் சொடுக்கினால் அந்தப் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. நீளமான பக்கம் என்றால், அங்கிருந்து நம் பாடு.

நீளமான பக்கம் என்பதில் ஒன்று அவசரமாகக் கவனிக்கப்பட வேண்டியது. ஆப்பிளிடம் சான்று பெறாத செயலியை இணையத்திலிருந்து இறக்கித் திறக்கும்போது மேக் தடுக்கும். முன்பெல்லாம் கன்ட்ரோல் விசையோடு சொடுக்கி, திறக்கும்படி சொல்லிவிடலாம். 2024இன் செக்கோயா அந்தக் குறுக்குவழியை மூடிவிட்டது. இப்போது தனியுரிமைப் பக்கத்துக்குப் போய், இருப்பிடம், தொடர்புகள், கேமரா என்ற வரிசையையெல்லாம் தாண்டி அடிப்பகுதிக்கு இறங்கி, அங்குள்ள பொத்தானை அழுத்தித்தான் அனுமதிக்க முடியும். பாதுகாப்புக்காகச் செய்த தடை என்பது புரிகிறது. ஆனால் தடுப்பதை நம் முகத்துக்கு நேராகச் செய்துவிட்டு, அனுமதிப்பதற்கான இடத்தைப் பக்கத்தின் பாதாளத்தில் வைத்திருப்பது, அறிவிப்பைக் கண்டு விழித்து நிற்கும் புதியவர்களுக்கு எந்த வகையிலும் உதவவில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு, மைக்ரோசாஃப்டோடு ஒப்பிட்டால் ஆப்பிளுக்கு ஒரு பெருமையைக் கொடுத்தே ஆக வேண்டும். 2012இல் விண்டோஸ் 8 தொடுதிரையை மனத்தில் வைத்துப் புதிய அமைப்புப் பக்கத்தை அறிமுகப்படுத்தியது. 2015இல் விண்டோஸ் 10 அதைப் பெரிதாக்கியது. விண்டோஸ் 11 வந்த பிறகும் பழைய கன்ட்ரோல் பேனல் உள்ளே உயிரோடு இருக்கிறது. ஒரு வேலையின் பாதி இங்கே, மீதி அங்கே என்று இரண்டு பலகைகளுக்கு நடுவே பயனர் ஓடிக்கொண்டிருக்கிறார். ஆப்பிள் ஒரே நாளில் பழையதை எடுத்துவிட்டது. அந்த நாள் வலித்தது என்றாலும், எதைத் தேடினாலும் தேட வேண்டிய இடம் ஒன்றுதான் என்ற உறுதி அதனால் கிடைத்தது. ஐபோனிலிருந்து வந்தவர்கள் முதல் நாளே திணறாமல் வேலை செய்வதையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. மேக் வாங்குபவர்களில் அவர்கள் பெருந்தொகையினர். மென்பொருள் புதுப்பிப்பு, சேமிப்பிடம் போன்றவை கைபேசியைப் போலவே ஜெனரலுக்குள் இருப்பது அவர்களுக்குத் தெரிந்த வழி. அந்தப் பக்கத்தில் தேதியும் நேரமும், கோப்புப் பகிர்வும், காப்புப் பிரதி எடுக்கும் டைம் மெஷினும் சேர்த்து அடைக்கப்பட்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை என்பது வேறு விஷயம்.

புதிதாக இதற்கு வருபவர்கள் சில வழிகளைத் தெரிந்துகொண்டால் அலைச்சல் குறையும். சாளரத்தை முதலில் திரையின் உயரத்துக்கு இழுத்துவிடுங்கள். அது அந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளும். மெனு பட்டையில் உள்ள வியூ மெனுவைத் திறந்தால், ஜெனரலுக்குள் ஒளிந்திருப்பவை உட்பட எல்லாப் பக்கங்களும் அகரவரிசையில் நிற்கும். பக்கப்பட்டியலின் வரிசையோடு மல்லுக்கட்டுவதைவிட இது விரைவு. ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு ஒலி விசையை அழுத்தினால் ஒலிப் பக்கமும், ஒளிர்வு விசையை அழுத்தினால் திரைப் பக்கமும் நேராகத் திறக்கும். இந்தப் பழைய குறுக்குவழிகள் இன்றும் வேலை செய்கின்றன. திரையின் துல்லிய அளவுகளை எண்களாகப் பார்க்க விரும்புபவர்கள், திரைப் பக்கத்தில் மேம்பட்ட விருப்பங்களுக்குள் போய், பட்டியலாகக் காட்டும்படி ஒருமுறை அமைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பெரிய எழுத்து, அதிக இடம் என்ற சிறு படங்களே காணக் கிடைக்கும்.

இந்தப் பலகைக்கு அஞ்சி, வென்ச்சுராவுக்கு முந்தைய பதிப்பான மான்டரேயிலேயே தங்கியிருப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2024இலேயே நின்றுவிட்டதால், கணினி புதிய பதிப்பை ஏற்குமானால் மாறிவிடுவதே சரி. நேர அட்டவணையை நம்பிப் பல கணினிகளை நடத்துபவர்கள் மட்டும், எல்லாவற்றையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரே ஒரு கணினியை மாற்றி, பிஎம்செட் கட்டளை மறுநாள் காலையில் அதைக் குறித்த நேரத்தில் எழுப்புகிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.